இரண்டு அடுக்கு ராக்கெட் கிட்: டேப்பா, டைமரா?

இரண்டு அடுக்கு மாதிரி ராக்கெட் கிட் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். மேல் அடுக்கு மோட்டாரை எது பற்றவைக்கப் போகிறது? வழி இரண்டு. கரிமருந்து மோட்டார்கள் இரண்டை டேப் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவிட்டால், கீழ் மோட்டார் எரிந்து முடிகிறபோது மேல் மோட்டாரையும் பற்றவைத்துவிடும். இன்னொரு வழி, மேல் அடுக்கில் டைமரோ ஃப்ளைட் கம்ப்யூட்டரோ வைத்து மின்சாரத்தில் இக்னைட்டரை (மோட்டாரைப் பற்றவைக்கும் சிறு கம்பித் திரி) எரிப்பது. கிட் அளவு ராக்கெட்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது டேப் வழி. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

டைமர் வைத்தால் பேட்டரி, ஸ்விட்ச், சர்க்யூட் போர்டு என்று எடையும் செலவும் ஏறும். பதிலுக்குக் காம்போசிட் மோட்டார்களை (கரிமருந்துக்குப் பதில் ரப்பர் போன்ற கலவை மருந்து உள்ளவை) பயன்படுத்தலாம், உயரமும் கூடும். இது எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான்.

டேப் வழி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். சி6-0 என்ற பெயரில் சி என்பது மொத்தக் கணத்தாக்கு, அதாவது உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவு (அதிகபட்சம் 10 நியூட்டன்-விநாடி), 6 என்பது சராசரி உந்துவிசை நியூட்டனில், 0 என்பது டிலே, அதாவது மோட்டார் எரிந்து முடிந்த பிறகு பாராசூட்டைத் தள்ளும் வரையான விநாடிகள். டிலே பூஜ்யம் என்றால் அந்த மோட்டாரில் தாமத மருந்தும் இல்லை, பாராசூட்டைத் தள்ளும் மருந்தும் இல்லை, களிமண் மூடியும் இல்லை. மருந்து மேலே வரை எரிந்து மெல்லிய தகடாகிறபோது உள்ளழுத்தம் அதை உடைக்கிறது. எரிகிற துகள்கள் மேல் மோட்டாரின் நாசிலுக்குள் (அடிப்பக்கத் துளை) பாய்ந்து அதைப் பற்றவைக்கின்றன. ஒட்டுவதற்கு முன் பூஸ்டர் (கீழ் அடுக்கு) மோட்டாரின் மேல்முனையை வெளிச்சத்தில் பாருங்கள். கருப்பு மருந்து அப்படியே தெரிய வேண்டும். வெளிர் நிறக் களிமண் தெரிந்தால் அது டிலே உள்ள மோட்டார், பூஸ்டருக்கு ஆகாது.

பூஸ்டரின் மேல்முனையும் மேல் மோட்டாரின் நாசில் முனையும் இடைவெளியே இல்லாமல் முட்டி நிற்கட்டும். இணைப்பின் மேல் சாதாரண செலோடேப் ஒரே ஒரு சுற்று, பாதி அங்கே பாதி இங்கே விழும்படி சுற்றி நகத்தால் தேய்த்து விடுங்கள். டேப் போடாவிட்டால், தகடு உடைகிற நொடியில் அழுத்தம் மேல் அடுக்கைத் தள்ளிவிடும், தீ நாசிலுக்குள் போகாது. மாஸ்கிங் டேப்பை மூன்று சுற்று சுற்றினால் எதிர்ச் சிக்கல் வரும்: இணைப்பு விடாது, மோட்டாரும் குழாய்க்குள் இறங்காது. செலோடேப் அந்தக் கணநேரம் மட்டும் பிடித்துவிட்டு விட்டுவிடும். பூஸ்டர் மோட்டார் தன் குழாயில் இறுக்கமாக இருக்க வேண்டும், அடுக்குகளின் இணைப்பு மட்டும் இலகுவாகக் கழல வேண்டும். இரண்டையும் கையால் இழுத்துப் பார்த்த பிறகே ஏவுமேடைக்கு எடுத்துப் போங்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: மேல் மோட்டார் பற்றும் நொடியில் மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பது. ஓரடுக்கு ராக்கெட் சற்றுச் சாய்ந்து போனால் பாராசூட் கொஞ்சம் தள்ளி விழும், அவ்வளவுதான். இரண்டு அடுக்கில் சாய்ந்த நிலையில் இரண்டாவது மோட்டார் எரிந்தால் ராக்கெட் கிடைமட்டமாகச் சீறிக்கொண்டு போகும். டேப் வழியில் சி6-0 சுமார் 1.9 விநாடி எரிந்ததுமே மேல் மோட்டார் பற்றிவிடும், வேகம் குறையவோ மூக்கு தாழவோ நேரம் கிடைக்காது. டைமர் வழியில் பெரும்பாலும் இடையே எந்த மோட்டாரும் எரியாமல் மிதக்கும் நேரம் வைப்பார்கள். அதோடு காம்போசிட் மோட்டார் இக்னைட்டர் எரிந்த உடனே முழு அழுத்தத்துக்கு வருவதில்லை, அந்தத் தாமதமும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருப்பதில்லை. அதற்குள் ராக்கெட் மேலும் சாயும். சாதாரண டைமருக்குச் சாய்வு தெரியாது, குறித்த நொடியில் தீ வைத்துவிடும். சாய்ந்திருந்தால் பற்றவைக்காமல் விடும் வசதி ஜைரோ (சாய்வை உணரும் கருவி) உள்ள கம்ப்யூட்டர்களில்தான் உண்டு.

டேப் வழியும் சாய்வைப் பார்த்து நிற்காது. ஆகவே சாயாமல் கிளம்புவதைத் தரையிலேயே உறுதி செய்ய வேண்டும். உந்துவிசை எடையைப் போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். 113 கிராம் ராக்கெட்டின் எடை சுமார் 1.1 நியூட்டன், சி6-0-க்கு அதுதான் எல்லை. சி வகை மோட்டார்கள் இரண்டே கிட்டத்தட்ட 50 கிராம் வந்துவிடும், பெயின்ட்டைத் தடிமனாக அடித்து எடையைக் கூட்டாதீர்கள். 24 மி.மீ. டி12-0 ஏற்கும் கிட் கிடைத்தால் அதையே எடுங்கள், தொடக்கத்தில் அது தரும் உதை சி6-ஐவிட இரண்டு மடங்கு. ஏவுகம்பி 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது, நேர்செங்குத்தாக இருக்க வேண்டும். காற்று மணிக்கு 32 கி.மீ. வரை ஏவலாம் என்பது பொது விதி. இரண்டு அடுக்குக்கு அதில் பாதிக்கு மேல் வீசினால் அன்றைக்கு ஏவ வேண்டாம்.

சமநிலையை இரண்டு முறை பார்க்க வேண்டும். புது மோட்டார்கள் போட்ட முழு ராக்கெட்டுக்கு ஒருமுறை, மேல் அடுக்குக்கு மட்டும் ஒருமுறை. இரண்டிலும் ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு (காற்றின் விசை ஒன்றுசேரும் புள்ளி) முன்னால், குழாய் விட்டத்தின் அளவாவது தள்ளி இருக்க வேண்டும். பூஸ்டர் மோட்டாரின் எடை மையத்தைப் பின்னுக்கு இழுப்பதால்தான் கீழ்த் துடுப்புகள் பெரிதாக இருக்கின்றன. அவற்றை வெட்டிச் சின்னதாக்க வேண்டாம்.

டைமர் பக்கம் ஒப்புக்கொள்ள வேண்டிய பலமும் உண்டு. டேப் வழியில் மேல் மோட்டார் பற்றாவிட்டால் பாராசூட்டைத் தள்ள எதுவும் கிடையாது, ராக்கெட் மூக்குக் குத்த விழும். ஆல்டிமீட்டர் (உயரத்தை அளக்கும் மின்னணுக் கருவி) இருந்தால் மோட்டார் எரிந்தாலும் எரியாவிட்டாலும் பாராசூட் வெளியே வரும். பூஸ்டர் நீளமாகவோ கனமாகவோ இருந்தால் உருண்டு புரண்டு மெதுவாக விழாது, அதற்கும் தனிப் பாராசூட் வேண்டும். அங்கேயும் மின்னணு முறைதான் கைகொடுக்கும். பெரிய காம்போசிட் ராக்கெட்டுகளில் எனக்குப் பழக்கம் குறைவு, அந்த அளவில் டைமரை எடைபோட என் கருத்து போதாது.

மோட்டார்களுக்கு இடையே நீண்ட குழாய் வரும் கிட்களும் உண்டு. அவற்றில் பூஸ்டர் குழாயின் மேல்பக்கம் 6 மி.மீ. துளைகள் இரண்டு போட வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறாவிட்டால், தீ வந்து சேரும் முன்பே அதுவே அடுக்கைப் பிரித்துவிடும்.

பராமரிப்பிலும் டேப்தான் சுலபம். பூஸ்டரின் மேல் விளிம்பு கருகியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்தால் போதும். மோட்டார்களை வெயிலில் காரில் விட்டுவிடாதீர்கள், சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் மருந்தில் விரிசல் விழுந்து மோட்டார் வெடிக்கலாம். டைமரில் பேட்டரி, இக்னைட்டர் இணைப்பு, ஸ்விட்ச் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். ராக்கெட்டைக் கம்பியில் நிறுத்திய பிறகே ஸ்விட்சைப் போட வேண்டும், அப்போது ஆள் பக்கத்திலேயே நிற்கிறார். டேப் வழியில் இக்னைட்டர் ஒன்றுதான், அதுவும் பூஸ்டரில். எரியாவிட்டால் ஏவு சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி கழித்துக் கிட்டே போகலாம்.

முதல் ஏவலுக்குப் பி6-0 கீழே, ஏ8-5 மேலே. அது நேராகப் போனால் மேலே பி6-6, அப்புறம் சி6-0 கீழே, சி6-7 மேலே. மேல் அடுக்கு வேகமாகப் போவதால் நீண்ட டிலே வேண்டும், பூஜ்ய மோட்டாரை மறந்தும் மேலே போடக் கூடாது. பூஸ்டரைப் பார்க்க ஓர் ஆள், மேல் அடுக்கைப் பார்க்க ஓர் ஆள் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்.