அரைக்கிலோ சிட்ரிக் ஆசிட் பாக்கெட்: கெட்டில் உப்பு போகுமா?

போகும். மளிகைக்கடையில் ‘லெமன் சால்ட்’ என்று கேட்டால் தருகிற அதே பொருள்தான். டீஸ்கேலர் (உப்புப் படிவம் நீக்கி) என்ற பெயரில் வரும் சின்னப் பொடி பாக்கெட்டுகள் பலவற்றிலும் இதுதான் இருக்கிறது, காசுதான் கூடுதல். வாங்கும்போது ஃபுட் கிரேடு, ஐஎன்எஸ் 330 (உணவுச் சேர்க்கைப் பட்டியலில் சிட்ரிக் ஆசிட்டின் எண்), எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிம எண் மூன்றும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். மோனோஹைட்ரேட் வகையில் எடையில் 8.6 சதவீதம் தண்ணீர். விலை ஒன்றென்றால் தண்ணீர் சேராத அன்ஹைட்ரஸ் வகையை எடுக்கலாம்.

போர் தண்ணீர் கெட்டிலுக்கு லிட்டருக்கு 25 கிராம், அதாவது தலைதட்டி இரண்டு டேபிள்ஸ்பூன். 60 டிகிரி வாக்கில் சூடாக்கி, ஸ்விட்சை அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். குமிழி குமிழியாக வருவது கார்பன் டை ஆக்ஸைடு. குமிழி நின்றும் படிவம் மிச்சமிருந்தால் ஆசிட் தீர்ந்துவிட்டது, கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். ஒரு கிராம் சுண்ணாம்புப் படிவம் ஏறக்குறைய 1.3 கிராம் ஆசிட்டைத் தின்னும்.

கெடுவது கொதிக்கவிடும்போதுதான். இதில் உண்டாகும் கால்சியம் சிட்ரேட் சூடு ஏற ஏறக் கரைவது குறையும். தளதளவென்று கொதித்தால் வெள்ளையாகப் பிரிந்து அடியில் அப்பிக்கொள்ளும். உடனே ‘போலி சரக்கு’ என்று ரிவ்யூவில் ஒற்றை நட்சத்திரம்! சுரண்டாதீர்கள். ஆறிய தண்ணீரில் புதுக் கரைசல் கலந்து ஊற்றி வையுங்கள், இளகிவிடும். கடைசியில் வெறும் தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்துக் கொட்டுங்கள்.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியை விட வேகம். அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், கொஞ்சம் கல்லுப்பு, இரண்டு நிமிடம். அதிக நேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து, விளக்கு அங்கங்கே செம்பு நிறம் காட்டும்.

மார்பிள், மொசைக் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் பளபளப்பு போய்விடும், அவையும் சுண்ணாம்புதானே. அலுமினியப் பாத்திரத்திலும் வேண்டாம். ஆப்பசோடாவைச் சேர்த்துத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம்: இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும், நுரைதான் மிச்சம். பிளீச்சிங் பவுடருடன் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். பாத்ரூமில் இரண்டையும் ஒரே நாளில் போடவே வேண்டாம். பொடியைக் கொட்டும்போது தூசு கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

பனீருக்கும் ஆகும். லிட்டர் பாலுக்கு 2 கிராமை 200 மில்லி வெந்நீரில் கரைத்து, பால் 75 டிகிரிக்கு இறங்கியதும் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றுங்கள். பசுமஞ்சளாகத் தண்ணீர் தெளிந்தவுடன் நிறுத்திவிடுங்கள்; மிச்சக் கரைசலையும் ஊற்றினால் பனீர் புளிக்கும்.

பாக்கெட்தான் சரியில்லை. பிரித்தால் மறுபடி மூட வழியில்லை, மழைக்காலத்தில் கட்டி தட்டிவிடும். கண்ணாடி ஜாடிக்கு மாற்றிப் பெயர் எழுதி ஒட்டுங்கள், பார்க்க அச்சு அசல் சர்க்கரை.