சிறு டிரஸ்டுகளுக்கு ஏற்றது ரொக்க முறையா, அக்ரூவல் முறையா?

அறக்கட்டளையையோ சங்கத்தையோ பதிவு செய்து, பான் எண் வாங்கி, வங்கிக் கணக்கு தொடங்கியவுடன் ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, கணக்கை எந்த முறையில் எழுதப் போகிறீர்கள் என்பதாகும். பெரும்பாலான பொருளாளர்கள் அதை அவரிடமே விட்டுவிடுகிறார்கள். செயற்குழு தன் நிதிநிலையை எப்படிப் புரிந்துகொள்கிறது, வருமான வரிக் கணக்கில் எந்தத் தொகை எந்த ஆண்டில் வருகிறது, கணக்கு எழுத எத்தகைய ஆள் தேவை ஆகிய மூன்றையும் அந்த ஒரு முடிவே பெருமளவு தீர்மானிக்கிறது என்பதால், கையெழுத்துப் போடுமுன் அறங்காவலர்களும் அதைப் பற்றி யோசிப்பது நல்லது.

ரொக்க முறையில் பணம் கைக்கோ வங்கிக்கோ வந்த நாளில் வரவும், வெளியே போன நாளில் செலவும் எழுதப்படுகின்றன. ஆண்டு முடிவில் கிடைப்பது பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு. அக்ரூவல் முறையில், பழைய ஆடிட்டர்கள் மெர்க்கன்டைல் என்று சொல்லும் அதே முறையில், பணம் கைமாறிய நாள் முக்கியமன்று. வருமானம் எந்த ஆண்டுக்கு உரியது, செலவுக்கான பொறுப்பு எந்த ஆண்டில் ஏற்பட்டது என்பதைக் கொண்டு வருவாய் மற்றும் செலவினக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் தயாரிக்கப்படுகின்றன.

சிலருக்குத் தேர்வுக்கே இடமில்லை. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 8-ஆம் பிரிவின்கீழ் பதிவான நிறுவனம் என்றால், அதே சட்டத்தின் 128-ஆம் பிரிவு அக்ரூவல் முறையையும் இரட்டைப் பதிவையும் (ஒவ்வொன்றையும் பற்று, வரவு என இரு பக்கமும் எழுதுவது) கட்டாயமாக்குகிறது. மென்பொருளில் கணக்கு எழுதினால், 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிந்து வைக்கும் வசதி அந்த மென்பொருளில் இருந்தாக வேண்டும். டிரஸ்டுகளுக்கு வருமான வரிச் சட்டம் அப்படி ஒரு முறையை வலியுறுத்தவில்லை. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு அக்ரூவல் முறையையே பரிந்துரைக்கிறது. ஆகவே இனி வருபவை முக்கியமாக டிரஸ்டுகளுக்கும், அவற்றைப் போன்ற சிறு சங்கங்களுக்கும் உரியவை.

வேறுபாடு எவ்வளவு பெரிதாகலாம் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். மாலை நேரக் கல்வி மையம் நடத்தும் ஒரு டிரஸ்டுக்கு 2024-25 முதல் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். பொது நன்கொடையாக 9,00,000 ரூபாய் வந்தது. அடுத்த கல்வியாண்டில் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும், மீந்தால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஒரு நிறுவனம் பிப்ரவரியில் 6,00,000 ரூபாய் அனுப்பியது. ஆண்டு முழுவதும் கொடுத்த பணம் 8,20,000 ரூபாய். அதில் 50,000 ரூபாய் கட்டட உரிமையாளரிடம் இருக்கும், பின்னர் திரும்பி வரவேண்டிய வாடகை முன்பணம். மார்ச் மாத மதிப்பூதியம், வாடகை, மின்கட்டணம் என 70,000 ரூபாய் ஏப்ரலில்தான் கொடுக்கப்பட்டது.

ரொக்க முறையில் வரவு 15,00,000, செலவு 8,20,000, மிச்சம் 6,80,000 ரூபாய். அக்ரூவல் முறையிலோ நிபந்தனை நிதி இன்னும் சம்பாதிக்கப்படாததால் பொறுப்பாக, அதாவது கடன்போல், நிற்கிறது. வருமானம் 9,00,000 ரூபாய் மட்டுமே. முன்பணத்தை நீக்கி, கொடுபட வேண்டியதைச் சேர்த்தால் செலவு 8,40,000. உபரி 60,000 ரூபாய். முதல் அறிக்கையைப் படிக்கும் செயற்குழு இரண்டாவது மையத்தைத் திறந்துவிடலாம் என்று தீர்மானம் போடும். இரண்டாவது அறிக்கையைப் படித்தால் இருக்கும் மையத்தை ஓட்டவே இன்னும் நன்கொடை தேட வேண்டும் என்று புரியும். நிபந்தனையுடன் வந்த பணத்தைக் கைவசமுள்ள பொதுப்பணமாக எண்ணிச் செலவழித்துவிடும் ஆபத்து ரொக்க முறையில் எப்போதும் உண்டு. அந்த முறையின் மிகப் பெரிய குறை இதுவே என்பது என் கருத்து.

அக்ரூவல் முறைக்கு ஆதரவாக முன்பு வலுவாகச் சொல்லப்பட்ட வரிக் காரணம் ஒன்று இப்போது இல்லை. வருமான வரிச் சட்டம் 1961-இன் 11-ஆம் பிரிவின்படி விலக்கு பெற, ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறநோக்கங்களுக்குச் செலவிட வேண்டும். அந்த அளவை எட்டாதபோது, மார்ச் 31 அன்று கொடுபட வேண்டிய பில்களையும் செலவாகப் பதிந்து பள்ளத்தை நிரப்புவது அக்ரூவல் டிரஸ்டுகளின் வழக்கமாக இருந்தது. 2022-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இந்த வழியை அடைத்துவிட்டது: டிரஸ்ட் எந்த முறையில் கணக்கு எழுதினாலும், தொகை உண்மையில் கொடுக்கப்பட்ட ஆண்டில்தான் அது அறச்செலவாக ஏற்கப்படும். நம் எடுத்துக்காட்டில் அந்த 70,000 ரூபாய் 2025-26-இன் செலவு. அக்ரூவல் புத்தகமோ அதை முந்தைய ஆண்டிலேயே எழுதி முடித்துவிட்டது. எனவே இரண்டையும் பொருத்திக் காட்டும் ஒரு பட்டியலை ஆண்டுதோறும் வைத்திராவிட்டால், ஏப்ரலில் கொடுத்த தொகையை எந்த ஆண்டிலும் கோராமல் விட்டுவிடவோ இரண்டு ஆண்டுகளிலும் கோரிவிடவோ நேரும். ரொக்க முறை டிரஸ்டுக்கு இந்த வேலை இல்லை.

அதற்காக ரொக்க முறையில் வரிக்கணக்கு தானாகவே சரியாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. மேலே சொன்ன டிரஸ்டில் 15,00,000 ரூபாயும் வருமானம் என்றால், 85 சதவீதம் 12,75,000 ரூபாய். முன்பணம் செலவாகாது என்பதால் கழித்தபின் அறச்செலவு 7,70,000. குறைவது 5,05,000 ரூபாய். இதை அடுத்த ஆண்டில் செலவிடுவதாக 9ஏ படிவமோ, குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஐந்து ஆண்டுகள் வரை சேர்த்து வைப்பதாக 10-ஆம் படிவமோ, கணக்குத் தாக்கலின் கெடு நாளுக்கு இரண்டு மாதம் முன்பே அளிக்க வேண்டும். அப்படிச் சேர்த்து வைத்த பணத்தை அடுத்த ஆண்டில் செலவிடும்போது, அந்த ஆண்டின் 85 சதவீதக் கணக்கில் அதை மறுபடி சேர்க்க முடியாது. நிபந்தனை நிதியைப் பொறுப்பாகக் காட்டிய அக்ரூவல் டிரஸ்ட் அதை வரிக்கும் வருமானமன்று என்று கொள்ளலாமா என்பதில் ஆடிட்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை; உங்கள் ஆடிட்டரின் நிலைப்பாட்டை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்ததால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்குப் பிரிவு எண்களையும் படிவ எண்களையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது ஆள். சிறு டிரஸ்டுகளில் பொருளாளர் என்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கி அலுவலரோ, மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தொண்டாகக் கணக்கு எழுதுபவர். ரொக்க ஏடு, ரசீதுப் புத்தகம், வரிசை எண் இட்ட வவுச்சர் கோப்பு, மாதம் ஒருமுறை வங்கிச் சரிக்கட்டு (ஏட்டை வங்கி அறிக்கையுடன் ஒப்பிடுவது) ஆகியவற்றை அவர் பிசகின்றிச் செய்துவிடுவார். ஒரு நோட்டோ எக்செல் தாளோ போதும். அக்ரூவல் முறைக்குக் குறிப்பேட்டுப் பதிவு (பணம் கைமாறாதவற்றையும் பற்று, வரவு என எழுதுவது) தெரிந்திருக்க வேண்டும், நடைமுறையில் டாலி போன்ற மென்பொருளும் வேண்டும். அடிக்கடி காணும் பிழை இதுதான்: மார்ச் 31 அன்று மதிப்பூதியக் கணக்கைப் பற்று வைத்து, கொடுபட வேண்டிய மதிப்பூதியத்தை வரவு வைத்திருப்பார்கள். ஏப்ரல் 5 அன்று காசோலை கொடுக்கும்போது கொடுபட வேண்டிய மதிப்பூதியத்தைப் பற்று வைப்பதற்குப் பதிலாக, பழக்க தோஷத்தில் மறுபடி மதிப்பூதியக் கணக்கிலேயே பற்று எழுதிவிடுவார்கள். ஒரே செலவு இரண்டு ஆண்டுகளிலும் ஏறிவிடும். கொடுத்துத் தீர்த்த கடன் ஒன்று இன்னும் கொடுபட வேண்டியதாக இருப்புநிலைக் குறிப்பில் நிலைத்து நிற்கும். இப்படி அரைகுறையாக எழுதிய அக்ரூவல் கணக்கைவிட ஒழுங்கான ரொக்கக் கணக்கு எவ்வளவோ மேல்.

உறுப்பினர் சங்கங்களில் வேறொரு சிக்கல் உண்டு. அக்ரூவல் என்ற பெயரில், வரவேண்டிய சந்தாவை எல்லாம் வருமானமாக எழுதிவிடுகிறார்கள். சங்கத்தை விட்டுப் போனவர்களின் பாக்கியும் ஆண்டாண்டுக்கு வளர்ந்து சொத்தாகத் தோற்றமளிக்கிறது. மேடையில் ஒருவர் அறிவித்த நன்கொடையும் அப்படியே. வசூலாகும் என்ற நியாயமான உறுதி இல்லாத எதையும் வருமானமாகப் பதிய அக்ரூவல் முறை சொல்வதில்லை.

வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகள் எந்த முறையில் இருந்தாலும் அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைத்தாக வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்கான ஆண்டுக் கணக்குப் படிவமான எஃப்சி-4 உடன் ஆண்டுதோறும் பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு, வருவாய் மற்றும் செலவினக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு ஆகிய மூன்றுமே கேட்கப்படுவதால், அவர்களுக்கு ரொக்க முறை மட்டும் போதாது. தவிர, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது அறச்செலவாகாது என்பதும், புத்தகங்களைப் பத்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதும் இரு முறைகளுக்கும் பொது.

ஆக, பொது நன்கொடையில் மட்டும் இயங்கி, பில் வந்தவுடன் பணம் கொடுத்துவிடும் சிறு டிரஸ்டுக்கு ரொக்க முறையையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் மூன்று பட்டியல்கள் உடன் இருக்க வேண்டும்: கொடுபட வேண்டியவை, கொடுத்து வைத்த முன்பணங்கள், நிபந்தனையுடன் வந்து செலவாகாத நிதி. செயற்குழுக் கூட்டத்தில் வங்கி இருப்பைப் படிக்கும்போதே இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால், மேலே சொன்ன 6,80,000 ரூபாய் மயக்கம் வராது. நிபந்தனை நிதி இரண்டு மூன்று இடங்களிலிருந்து வரத் தொடங்கியவுடனோ, மாதச் சம்பளப் பணியாளர்களை நியமித்தவுடனோ அக்ரூவலுக்கு மாறிவிடுவதே முறை; அப்போது பகுதிநேரக் கணக்கருக்கு ஆகும் சம்பளத்தைத் தயங்காமல் வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் ரொக்க முறையில் எழுதி, மார்ச் 31 அன்று ஆடிட்டர் மேற்பார்வையில் சரிக்கட்டுப் பதிவுகள் போட்டு அக்ரூவல் அறிக்கை தயாரிப்பதும் நடைமுறையில் பலருக்குப் பொருந்துகிறது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே அந்தப் பதிவுகளை எதிர்ப்பதிவு செய்துவிட்டால், அதாவது பற்றையும் வரவையும் மாற்றி எழுதிவிட்டால், இரட்டைச் செலவுப் பிழையும் நேராது.

மாறுவதானால் ஏப்ரல் 1 அன்று மாறுங்கள். ஆண்டின் நடுவில் வேண்டாம். அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, முந்தைய நாளின் கொடுபட வேண்டியவற்றையும் வரவேண்டியவற்றையும் தொடக்க இருப்பாகக் கொண்டுவந்து, முறை மாறியதையும் அதனால் உபரி எவ்வளவு மாறியது என்பதையும் அந்த ஆண்டின் கணக்குக் குறிப்புகளில் ஆடிட்டரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள்.