காமிக்ஸ் கற்க எந்த வழி? கல்லூரி, காமிக்ஸ் பள்ளி, உதவியாளர் வேலை, வீட்டு மேசை

புத்தகக் கண்காட்சியில் காமிக்ஸ் ஸ்டால் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஒரு பையனோ பெண்ணோ இந்தக் கேள்வியோடு வந்துவிடுவார்கள்: "நல்லா வரைவேன், காமிக்ஸ் பண்ணணும், எங்கே கத்துக்கிறது?" கையில் ஸ்கெட்ச் நோட்டு இருக்கும். திறந்தால் முகங்கள், வாள் ஏந்திய வீரர்கள், மணிக்கணக்காக உட்கார்ந்து தீட்டிய கண்கள். ஆனால் ஒரு ஆள் கதவைத் திறக்கிறான், உள்ளே வருகிறான், யாரையோ பார்த்துத் திடுக்கிடுகிறான், திரும்பி ஓடுகிறான் என்று ஆறு கட்டத்தில் ஓடுகிற ஒரே ஒரு பக்கம் பெரும்பாலும் இருக்காது. படம் அழகாக வரைவது ஒரு வேலை, கட்டம் கட்டமாகக் கதையை நகர்த்துவது இன்னொரு வேலை. இரண்டாவதை யார் சொல்லித் தருகிறார்கள் என்று பார்த்துத்தான் நான் ஒவ்வொரு வழியையும் எடை போடுகிறேன்.

வீட்டில் முதலில் சொல்வது கல்லூரியைத்தான். சென்னையில் 1850இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்தில் ஒன்று இருக்கிறது. நான்கு வருடப் படிப்பு, அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் பெரிதாகக் கடிக்காது. மாடல் உட்கார்ந்திருக்க நேரில் பார்த்து வரையும் பழக்கம், வெளிச்சம் எங்கே விழுகிறது நிழல் எங்கே ஒதுங்குகிறது என்று கண் பழகுவது, தப்பாக வரைந்தால் பக்கத்தில் இருக்கிறவனே சொல்லிவிடுவது, இதெல்லாம் வீட்டில் தனியாக உட்கார்ந்தால் கிடைக்காது. உடலமைப்பில் கை தேறாதவன் காமிக்ஸில் மாட்டிக்கொள்வான், ஏனென்றால் ஒரே ஆளை முப்பது கோணத்தில் வரைய வேண்டியிருக்கும், தெரிந்த ஒரு கோணத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. நம் வாசகர்களுக்கு 'இரத்தப் படலம்' என்று பழகிப்போன தொடரை வரைந்த வில்லியம் வான்ஸ் பிரஸ்ஸல்ஸ் கலைக் கழகத்தில் முறையாகப் படித்தவர். ஓடுகிற ஆள், சேணத்தில் சாய்கிற ஆள், அடிபட்டு விழுகிற ஆள் என்று எல்லாரும் எலும்பும் சதையுமாக நிற்பதில் அந்தப் படிப்பு தெரிகிறது. ஆனால் நம் ஊர்க் கல்லூரியில் ஓவியம், சிற்பம், சுடுமண், துணி வடிவமைப்பு, விளம்பரத் துறை சார்ந்த காட்சித் தொடர்பு என்று துறைகள் இருக்கின்றன, காமிக்ஸுக்கென்று துறை கிடையாது. நான்கு வருடம் முடித்து வெளியே வரும்போது கையில் அருமையான தனிப்படங்கள் இருக்கும், தொடர்ச்சியான பக்கம் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அதை நீங்களே, பாடத்துக்கு வெளியே, இரவில் உட்கார்ந்துதான் போட வேண்டும்.

காமிக்ஸுக்காகவே தொடங்கிய பள்ளிகள் வெளிநாட்டில் இருக்கின்றன. அமெரிக்காவில் நியூ ஜெர்சி டோவரில் ஓவியர் ஜோ குபர்ட் 1976இல் ஆரம்பித்த பள்ளி மூன்று வருடப் படிப்பு. பென்சில் வரைவு, அதன்மேல் மசியால் கோடு போடுவது, வசனம் எழுதுவது, வண்ணம் எல்லாம் அங்கே தனித்தனிப் பாடம், ஏனென்றால் அமெரிக்க மாத இதழில் அவை தனித்தனி ஆட்கள் செய்யும் வேலை. வெர்மான்ட் மாநிலத்தின் ஒயிட் ரிவர் ஜங்ஷனில் 2005இல் தொடங்கிய கார்ட்டூன் படிப்பு மையம் வேறு மாதிரி. அங்கே எழுதி வரைந்து புத்தகமாகத் தைத்து முடிப்பதுவரை ஒரே ஆள் செய்யப் பழகுகிறார். அவர்களுடைய விண்ணப்பத்தில் கேட்கிற ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீங்கள், ஒரு பனிமனிதன், ஒரு ரோபோ, ஒரு பழம், இந்த நான்கும் வருகிற சின்னக் காமிக்ஸ் ஒன்று வரைந்து அனுப்ப வேண்டும். உங்களுக்கு எவ்வளவு நன்றாக நிழல் போட வரும் என்பதைவிட, சம்பந்தமில்லாத நான்கை வைத்துக் கதை பண்ண வருமா என்பது அதில் தெரிந்துவிடும். ஜப்பானில் கியோத்தோ செய்க்கா பல்கலைக்கழகம் 2006இல் மாங்காவுக்கென்று, அதாவது ஜப்பானியக் காமிக்ஸுக்கென்று, தனிப் புலமே தொடங்கியது.

பாடம் என்று மட்டும் பார்த்தால் இந்த வழிதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கட்டணம், விசா, அங்கே தங்கும் செலவு எல்லாம் சேர்ந்தால் நடுத்தரக் குடும்பத்துக்கு அது வீட்டை அடகு வைக்கிற விஷயம், திரும்பி வந்தால் அந்தக் கடனை அடைக்கிற அளவுக்குத் தமிழில் பக்கக்கூலி கிடையாது. கடன் வாங்கிப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டும் யோசிக்காமல் கிளம்புங்கள்.

அப்புறம் பழைய குருகுல வழி. நாம் சின்ன வயதிலிருந்து படித்து வளர்ந்த பல பெயர்கள் இப்படித்தான் வந்திருக்கின்றன. பெல்ஜியத்தின் ஜிஜே என்ற ஓவியர் 1940களின் கடைசியில் வாட்டர்லூவில் இருந்த தன் வீட்டிலேயே இளம் ஓவியர்களை வைத்துக்கொண்டு வேலை செய்தார். லக்கி லூக்கை உருவாக்கிய மோரிஸ் அந்த வீட்டில் இருந்தவர். பிற்பாடு அதே ஜிஜேவிடம் ஜான் ஜிரோ என்கிற இளைஞர் வந்து சேர்ந்தார், ஜிஜேயின் கௌபாய் தொடர் ஒன்றின் ஒரு கதைக்கு மசி போட்டார். கொஞ்ச நாளில் ஒரு கதாசிரியர் புதுக் கௌபாய் தொடர் ஒன்றை வரையச் சொல்லி ஜிஜேயிடம் வந்தபோது, அவர் தான் எடுக்காமல் இந்தப் பையனைக் கைகாட்டிவிட்டார். 1963இல் தொடங்கிய அந்தத் தொடரைத்தான் நாம் 'கேப்டன் டைகர்' என்று படித்தோம். ஜிரோ பாரிஸில் கலைப் பள்ளிக்கும் கொஞ்ச காலம் போனவர்தான், ஆனால் பக்கத்தைக் கட்டும் வித்தையும் முதல் பெரிய வாய்ப்பும் ஒரே மேசையில் கிடைத்தன. இப்படிக் கற்றுக்கொண்ட இடத்திலேயே வேலையும் கிடைப்பதுதான் இந்த வழியின் பெரிய பலம்.

ஜப்பானில் இது இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வார இதழுக்கு 19 பக்கம் போல ஒவ்வொரு வாரமும் கொடுக்க வேண்டும், ஒரே ஆளால் ஆகிற காரியமில்லை. தொடரை உருவாக்கிய மாங்கா ஆசிரியர் கதாபாத்திரங்களைப் போடுவார், உதவியாளர்கள் பின்னணிக் கட்டடம், வேகக்கோடுகள், கறுப்பு நிரப்புவது, சாம்பல் நிழலுக்குப் புள்ளிகள் போடுவது என்று பார்த்துக்கொள்வார்கள். 'ஒன் பீஸ்' என்ற புகழ்பெற்ற மாங்கா தொடரைப் போடுவதற்கு முன்னால் எய்ச்சிரோ ஓடா நொபுஹிரோ வாட்சுகியிடம் உதவியாளராக இருந்தவர். கதவும் ஜன்னலும் மட்டுமே வரைந்தாலும், ஆசிரியர் முரட்டு வரைவில் எந்தக் கட்டத்தை அடித்துவிட்டு எதைப் பெரிதாக்கினார் என்று தினமும் பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் அங்கே பாடம்.

இதன் குறை என்னவென்றால் குருவின் கை அப்படியே உங்கள் கையில் ஒட்டிக்கொள்ளும், உதறித் தள்ள வருடங்கள் ஆகும். அதைவிடப் பெரிய சிக்கல், நம்மிடம் சேர்வதற்கு மேசைகளே குறைவு. 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயனும் சிவகாசியில் தொடங்கியதிலிருந்து தமிழ் வாசகர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. படிக்கிறவர்களை அது உருவாக்கியது, அதற்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். ஆனால் மொழிபெயர்ப்பு நடக்கிற இடத்தில் பென்சில் பிடிக்கிற உதவியாளருக்கு வேலை இருக்காது. இன்றைக்கு நெருங்கிய மாற்று என்றால் அனிமேஷன், விளம்பர நிறுவனங்களில் ஸ்டோரிபோர்டு, அதாவது படமாக்கும் முன் காட்சிகளை வரிசையாக வரைந்து வைப்பது, போடும் வேலை. கோணம் பிடிப்பதும் வேகமும் அங்கே வந்துவிடும். பக்க அமைப்பு வராது, ஏனென்றால் ஸ்டோரிபோர்டில் எல்லாக் கட்டமும் ஒரே அளவு. காமிக்ஸில் எந்தக் கட்டம் பெரிது, எது சிறிது என்பதே பாதிக் கதை.

மிச்சம் இருப்பது வீட்டு மேசை. நம்மில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இதுதான் அமையும், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

புத்தகங்களில் இரண்டு போதும். வில் ஐஸ்னர் நியூயார்க்கில் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் நடத்திய பாடங்களிலிருந்து 1985இல் வந்த 'Comics and Sequential Art', ஸ்காட் மெக்ளவுட் காமிக்ஸ் வடிவத்திலேயே காமிக்ஸை விளக்கிய 1993 புத்தகம் 'Understanding Comics'. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கிற வெற்றிடத்தில் வாசகர் மனது என்ன செய்கிறது என்பதை இரண்டாவது புரியவைத்துவிடும். மென்பொருளில் கிரிட்டா இலவசம், கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் காசு கொடுத்து வாங்குவது ஆனால் கட்டம், வசனம் எழுதும் பலூன் எல்லாம் காமிக்ஸுக்கென்றே அமைந்தது. ஏ4 தாளும் பென்சிலும் வைத்து ஆரம்பித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆபத்து எங்கே என்றால் வீடியோவில். நான் ஒன்றரை வருடம் வீடியோ பார்த்தே கற்றேன். கை, மூக்கு, துணி மடிப்பு, தலைமுடி என்று ஒவ்வொன்றாக. ஸ்கெட்ச் நோட்டு நிரம்பிக்கொண்டே போனது, நான் முன்னேறுகிறேன் என்றுதான் நம்பினேன். பிறகு எட்டுப் பக்கக் கதை ஒன்று தொடங்கினேன், மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது. வார இதழ்களுக்கு வரைந்து ஓய்வு பெற்ற ஒரு ஓவியரிடம் அந்தப் பக்கங்களைக் காட்டினேன். அவர் பலூன்களை எல்லாம் விரலால் மறைத்துவிட்டு, "இப்ப சொல்லு தம்பி, இதுல என்ன நடக்குது?" என்று கேட்டார். என்னாலேயே சொல்ல முடியவில்லை. மூன்று பக்கமும் முகங்கள் பேசிக்கொண்டிருந்தன, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே தெரியவில்லை. ஒன்றரை வருட வீடியோக்கள் காட்டாத குறையை அந்த விரல்கள் ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டன.

அதனால் வீட்டு வழி எடுப்பவர்களுக்கு நான் சொல்வது, தனிப்படம் வரைந்து பழகுவதைப் பாதியாகக் குறையுங்கள், நான்கு பக்கக் கதைகளை முடித்துப் பழகுங்கள். எட்டு வேண்டாம், நூறு பக்கக் காவியம் வேண்டவே வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு ஆறு கதை, 24 பக்கம். அமெரிக்காவில் அது கிட்டத்தட்ட ஒரு மாத இதழின் அளவு, வார மாங்காக்காரருக்கு ஒன்றே கால் வார வேலை. இந்தக் கணக்கைச் சோர்ந்துபோவதற்காகச் சொல்லவில்லை, தொழில்முறை என்றால் எந்த வேகம் என்று தெரிந்து வைத்துக்கொள்ளத்தான். ஒவ்வொரு கதையையும் முதலில் உள்ளங்கை அகலத்தில் குச்சி மனிதர்களாகப் போட்டு, காமிக்ஸ் படிக்காத ஒருவரிடம், அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அண்ணனிடமோ, வசனம் இல்லாமல் காட்டுங்கள். அவர்களுக்குக் கதை புரிந்த பிறகு நல்ல தாளுக்குப் போகலாம். முதலில் பேசுகிறவரை இடப்பக்கம் நிறுத்துவது, அதிர்ச்சியான கட்டத்தை இரட்டைப்படைப் பக்கத்தின் தொடக்கத்தில் வைத்து, தாளைத் திருப்பினால்தான் தெரியும்படி செய்வது, இதெல்லாம் நாலைந்து கதை முடித்த பிறகு கை தானாகவே செய்யும்.

வரைய வராது, கதை மட்டும் எழுதுவேன் என்பவர்களுக்கும் இதே குச்சி மனிதப் பயிற்சிதான். ஒரு கட்டத்தில் ஒரு ஆள் ஒரு செயல்தான் செய்ய முடியும் என்பது வரைந்து பார்த்தால்தான் உறைக்கும்.

சரி, நான் எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்? பதினேழு வயது, வீட்டில் தடை இல்லை என்றால் அரசுக் கலைக் கல்லூரி, கூடவே வருடத்துக்கு ஆறு நான்கு பக்கக் கதை. வேலைக்குப் போகிறவர் என்றால் வீட்டு மேசை, ஆனால் பலூனை விரலால் மறைத்துப் பார்க்கிற ஒருவரைக் கட்டாயம் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். படக்கதை வரைகிற யாராவது பின்னணி போட ஆள் தேடினால், கூலி குறைவாக இருந்தாலும் ஆறு மாதம் போய் உட்காருங்கள்.

இந்த நான்கு வழியிலும் கிடைக்காத பாடம் ஒன்று உண்டு, தமிழ் எழுத்து. ஆங்கிலத்துக்கும் ஜப்பானிய மொழிக்கும் போட்ட பலூன் அளவு நமக்கு ஒத்துவராது. "காப்பாற்றியிருக்கலாமே" என்று ஒரே சொல்லில் ஒருவர் அழுகிறார் என்றால் அது குறுகலான நீள பலூனில் மூன்றாக உடையும், உடைந்தால் அந்த அழுகையும் உடையும். அதனால் வசனத்தை முதலில் எழுதி, அகலமான பலூனாகப் பக்கத்தில் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் ஆட்களை நிறுத்துங்கள். மேலே ஏறும் கொக்கிக்கும் கீழே இறங்கும் சுழிக்கும் வரிக்கு வரி கொஞ்சம் கூடுதல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'கீ'யோடு முட்டும். எந்த மென்பொருளை வாங்குவதற்கு முன்னாலும் அதன் சோதனைப் பதிப்பில் 'கொடுத்தோம்' என்று ஒரு முறை தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டி நிற்காமல் தனித்தனியாக வந்தால், படத்தை அதில் வரைந்துகொண்டு எழுத்தை வேறு மென்பொருளில் போட வேண்டியிருக்கும். கையெழுத்து நன்றாக இருந்தால் அந்த வம்பே வேண்டாம், மசிப் பேனாவால் நீங்களே எழுதிவிடுங்கள்.