பட்டியலில் காணாமல் போகும் ஸ்பீக்கர்

சித்தி மகன் வாட்சப்பில் கேட்டிருக்கிறான்: "அண்ணா, ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஆஃபர்ல வருது. போன்லயிருந்தும் லேப்டாப்லயிருந்தும் பாட்டு போட நல்லா இருக்குமா? வாங்கவா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் கோவை வீட்டுக் கூடத்தில் அப்படி ஒன்று சில வருடங்களாக இருக்கிறது. அடுத்த வருடமே சமையலறைக்கும் ஒன்று வந்தது. எத்தனை வாட், எவ்வளவு பேஸ் என்பதெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது. தினமும் புழங்குகிறவனுக்குத் தெரிந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பேசி வேலை வாங்கலாம் என்றுதான் எல்லோரும் இதை வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை. என் ஸ்பீக்கரின் மொழிப் பட்டியலில் இந்தி உண்டு, தமிழ் இல்லை. அம்மா "மதுரை சோமு பாட்டு போடு" என்றால் அது மதுரையில் எத்தனை டிகிரி வெயில் என்று ஆங்கிலத்தில் சொல்லும். பேரை ஆங்கிலக்காரர் மாதிரி உச்சரித்தால் சில சமயம் பிடித்துக்கொள்ளும். எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி, தான் காலமெல்லாம் கேட்ட பாடகரின் பெயரை ஒரு பெட்டிக்காக ஏன் திருகிச் சொல்ல வேண்டும்? மைக்கை அணைத்துவிட்டேன். அன்றிலிருந்து போனில் தமிழில் தட்டச்சு செய்து, பாட்டைத் தேர்ந்து, மூலையில் இருக்கும் காஸ்ட் குறியைத் தொட்டு ஸ்பீக்கருக்கு அனுப்புவதுதான் வழக்கம். காஸ்ட் என்பது போனில் தேர்ந்ததை வைஃபை வழியாக ஸ்பீக்கரில் ஓடவிடும் கூகுளின் வசதி. ஓரத்தில் மூன்று வளைவு போட்ட அந்தச் சின்னக் கட்டம்தான் எங்களுக்கு இந்த ஸ்பீக்கரின் மொத்தப் பயனும். அது வேலை செய்யாத நாளில் கூடத்தில் இருப்பது வெறும் துணி சுற்றிய உருண்டை.

வேலை செய்யும் நாளில் அதைப் போல சுகம் வேறில்லை. முன்பு ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்திருந்தோம். அதில் பாட்டை ஓட்டுவது போன்தான், ஒவ்வொரு நொடியும் அதுதான் ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும். பல்லடத்திலிருந்து பெரியம்மா கூப்பிட்டால் பாட்டு நின்றுவிடும். வாட்சப் செய்தி வந்தால் ஆலாபனைக்கு நடுவே 'டிங்' என்று கூடமெல்லாம் ஒலிக்கும். போனைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் பாட்டு திக்கித் திக்கி அறுந்துவிடும்.

காஸ்ட் செய்யும்போது நடப்பதே வேறு. பாட்டு எங்கே இருக்கிறது என்கிற முகவரியை மட்டும் போன் ஸ்பீக்கரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஸ்பீக்கர் நேராக இணையத்திலிருந்து அதை இழுத்துப் பாடுகிறது. அதற்குப் பிறகு போன் வெறும் ரிமோட். அம்மா அடுப்படியில் பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார், கூடத்தில் கச்சேரி தடையில்லாமல் ஓடும். நான் போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். கூடத்தையும் சமையலறையையும் ஒரே குழுவாகச் சேர்த்துவிட்டால் இரண்டிலும் துளி முன்பின் இல்லாமல் ஒரே பாட்டு. நாதஸ்வரம் வீடு முழுக்க நிறைந்திருக்கும் காலை வேளைகளில் இதற்குக் கொடுத்த பணம் தகும் என்று மனதாரச் சொல்வேன்.

கம்ப்யூட்டர் பக்கம் கொஞ்சம் வேறு கதை. குரோம் பிரவுசரில் காஸ்ட் வசதி கூடவே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். மெனுவில் போய் ஒரு டேபை ஸ்பீக்கருக்கு அனுப்பினால், அந்தப் பக்கத்தில் ஓடும் எந்தச் சத்தமும் அங்கே கேட்கும். இங்கே முகவரியைக் கொடுத்து ஒதுங்கும் வேலை இல்லை. கம்ப்யூட்டரே ஒலியைப் பிடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதனால் சத்தம் சற்றுத் தாமதித்து வரும். பாட்டுக்கு அது பொருட்டில்லை. வீடியோ பார்த்தால் வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம். யூட்யூப் செயலியிலோ திரையில்லாத ஸ்பீக்கர் பட்டியலிலேயே வராது. யூட்யூபில் இருக்கும் பழைய கச்சேரிகளுக்கு எனக்கு இந்த டேப் வழிதான் கைகொடுக்கிறது.

ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன் என்ற பாதுகாப்பு இணைப்பு ஓடினால் அந்த வழியும் அடைபட்டுவிடும். லேப்டாப்பின் தகவல் போக்குவரத்து எல்லாம் ஆபீஸ் வலைப்பின்னல் வழியாகப் போவதால், பக்கத்து மேசையில் இருக்கும் ஸ்பீக்கர் அதன் கண்ணில் படாது.

அப்பா கேசட்டில் பதிந்து வைத்திருந்த கோயில் கச்சேரிகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்திருக்கிறோம். அவை இணையத்தில் எங்கேயும் இல்லை. அவற்றுக்கு விஎல்சி என்ற பிளேயர் மென்பொருள் இருக்கிறது. 2018-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அது காஸ்ட் செய்யும். கோப்பைத் திறந்து, ரெண்டரர் என்ற இடத்தில் ஸ்பீக்கரைத் தேர்ந்தால் போதும். கம்ப்யூட்டரே அந்த நேரத்துக்கு ஒரு சர்வராக மாறிவிடுகிறது. ஆகவே லேப்டாப் மூடியைச் சாத்தக் கூடாது. சாத்தினால் கொஞ்ச நேரத்தில் தவில் பாதியில் நிற்கும். இது தெரிந்துவிட்டால் தொந்தரவில்லை. அப்பா பதிந்த நாடாவின் இரைச்சலோடு அந்த வாசிப்பு கூடத்தில் கேட்கும்போது அம்மா கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

எல்லாம் சரி. கட்டத்தைத் தொட்டால் ஸ்பீக்கரின் பெயர் வர வேண்டுமே!

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். தொடுவேன். 'தேடுகிறது' என்று வட்டம் சுற்றும். பட்டியலில் ஒன்றும் இருக்காது. ஸ்பீக்கர் கண்ணெதிரே இருக்கும், விளக்கு எரியும், வைஃபையிலும் இருக்கும். போனும் அதே வைஃபையில்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் வரும், அல்லது வராது. சில நாள் என் போனில் வரும், அம்மா போனில் வராது. "உன் போன்ல மட்டும் எப்படிப்பா வருது?" என்று அம்மா கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்பதைவிட எரிச்சல் வேறில்லை.

ஏன் இப்படி என்று தோண்டிப் பார்த்ததில் புரிந்தது இது. போனுக்கு ஸ்பீக்கரின் விலாசம் முன்கூட்டித் தெரியாது. தெருமுனையில் நின்று "இங்கே யார் யார் இருக்கீங்க?" என்று பொதுவாகக் குரல் கொடுப்பது போல, 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு ஒரு கேள்வியை அனுப்புகிறது. ஸ்பீக்கர் அதைக் கேட்டு "நான் இருக்கிறேன்" என்றால்தான் பெயர் பட்டியலில் ஏறும். இப்படிக் குரல் கொடுத்துத் தேடும் முறையை எம்டிஎன்எஸ் என்கிறார்கள். வைஃபையில் இப்படி எல்லோருக்குமாக அனுப்பும் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று யாரும் சரிபார்ப்பதில்லை, சேராவிட்டால் மறுபடி அனுப்புவதும் இல்லை. இதற்கு மேல் ரவுட்டர் வேறு. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒரு பெயரிலும் 5 கிகாஹெர்ட்ஸ் இன்னொரு பெயரிலும் இருக்க, ஒன்றில் கேட்ட குரலை மறுபக்கம் சில ரவுட்டர்கள் கடத்துவதில்லை. எங்கள் பழைய ரவுட்டர் அந்த ரகம். ஸ்பீக்கர் 2.4-இல் இருந்தது, என் போன் 5-இல். போனை 2.4-க்கு மாற்றிய மறுகணமே பெயர் வந்து நின்றது. அம்மாவுடையது ஐபோன், அதில் வேறொரு பூட்டும் உண்டு. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-லிருந்து, வீட்டு வலைப்பின்னலைப் பார்க்க ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே அனுமதி கொடுக்க வேண்டும். பாட்டுச் செயலிக்கு அது அணைந்திருந்தது.

இணைய இணைப்பு கொடுத்தவர்களின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து இதையெல்லாம் விளக்கினேன். "நெட் வருதுல்ல சார்?" என்றார்கள். வருகிறது. "அப்ப எங்க சைடு பிரச்சனை இல்ல சார்." பல முறை இதே உரையாடல். கடைசியில் பழைய ரவுட்டர் தானாகவே செத்துப்போனதால்தான் போன மாதம் புதுசு வந்தது. மாட்ட வந்த பையன் கெட்டிக்காரன். சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, செட்டிங்கில் ஏபி ஐசொலேஷன் (ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க விடாத பூட்டு) அணைந்திருக்கிறதா என்று பார்த்தான், இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்தான், என் போனிலும் அம்மா போனிலும் கட்டத்தைத் தொட்டுப் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான்.

இப்போது பெரும்பாலும் வருகிறது. ஆனால் கரண்ட் போய் வந்தால் மறுபடி அதே சங்கடம். இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண்ணிமைப்பில் ஃபைபர் பெட்டி அணைந்து மறுபடி எழ சில நிமிடம் ஆகிறது. ஸ்பீக்கர் அதற்குள் எழுந்து, வைஃபை இல்லாமல் தவித்து, பிறகு எப்படியோ சேர்ந்துகொள்ளும். பட்டியலில் மட்டும் பெயர் இருக்காது. பிளக்கைப் பிடுங்கிச் சொருகினால்தான் வரும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்த பிறகு இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இந்த வகை ஸ்பீக்கர் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதை முதலில் சொல்வேன்.

நான் மன்னிக்க முடியாதது ஒன்று நடந்தது. காலையில் அம்மா பக்திப் பாட்டு போட்டிருந்தார், நல்ல சத்தமாக. எதிர்வீட்டுத் தாத்தா தவறிவிட்டார் என்று வாசலில் வந்து சொன்னார்கள். உடனே பாட்டை நிறுத்த வேண்டும். போனை எடுத்தால் காஸ்ட் தொடர்பு விட்டுப்போயிருந்தது. பட்டியலில் பெயர் இல்லை. ஸ்பீக்கர்தான் இணையத்திலிருந்து நேராக இழுக்கிறதே, அது பாடிக்கொண்டே இருக்கிறது. மேலே தொட்டால் நிற்கும் இடம் ஒன்று உண்டு. துணிக்கு அடியில், எந்தக் குறியும் இல்லாமல். பதற்றத்தில் அம்மா கை பட்ட இடமெல்லாம் சத்தம்தான் கூடியது. எதிர்வீட்டில் அழுகைச் சத்தம், எங்கள் வீட்டில் பாட்டுச் சத்தம். அம்மா ஓடிப்போய் ஒயரையே பிடுங்கினார். அன்று முழுவதும் அவர் முகம் சரியாக இல்லை. போனை ரிமோட்டாக மாற்றிக் கொடுத்தவர்கள், ரிமோட் தொலைந்தால் நிறுத்துவதற்கு ஒரு பொத்தானை, கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஒரு பொத்தானை வைத்திருக்க வேண்டாமா?

இன்னொன்று, சின்ன விஷயம்தான். ஒரே வைஃபையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றிலும் 'காஸ்ட் ஆகிறது' என்று அறிவிப்பு வரும், நிறுத்தும் பொத்தானோடு. மாடியில் படிக்கும் என் மகள் அங்கிருந்தே நிறுத்திவிடுவாள், கீழே அம்மா ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைப்பார். மற்றவர்கள் கட்டுப்படுத்தலாமா என்பதை ஸ்பீக்கரின் செட்டிங்கில் அணைக்கலாம். அணைத்துவிட்டோம்.

வாங்கிய பொருள் வாங்கியபடியே இருக்கும் என்ற உறுதியும் இந்தத் தொழில்நுட்பத்தில் கிடையாது. 2022 ஜனவரியில், சோனோஸ் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் 5 காப்புரிமைகளை கூகுள் மீறியது என்று அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் தீர்ப்பளித்தது. அதையடுத்து, குழுவாகச் சேர்த்த ஸ்பீக்கர்களின் சத்தத்தை ஒரே இழுப்பில் ஏற்றி இறக்கும் வசதியை கூகுள் எடுத்துவிட்டது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் கலிபோர்னியா நீதிமன்றம் சோனோஸுக்கு எதிராகச் சொன்ன பிறகே அது திரும்பத் தொடங்கியது. 2025 மார்ச்சில், 2015-இல் வெளியான கூகுளின் காஸ்ட் கருவிகளான குரோம்காஸ்ட் ஆடியோவும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் ஒரே நாளில் உலகெங்கும் முடங்கின. பொருளில் ஒரு பழுதும் இல்லை, உள்ளே இருந்த ஒரு சான்றிதழின் தேதி முடிந்துபோயிருந்தது. சில நாளில் சரிசெய்தார்கள். அப்பாவின் பழைய டேப் ரிக்கார்டர் ஓடாமல் போனது பெல்ட் தேய்ந்ததால். தேதி முடிந்து எந்த டேப் ரிக்கார்டரும் நின்றதில்லை.

தம்பி, உனக்குச் சொல்கிறேன். நீ இருப்பது வேளச்சேரியில் ஆறேழு பேர் தங்கும் விடுதியில். அங்கே வைஃபைக்குள் நுழைய பிரவுசரில் பக்கம் திறந்து, எண்ணும் கடவுச்சொல்லும் போட வேண்டும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஸ்பீக்கருக்குத் திரை இல்லை, அது அந்தப் பக்கத்தைத் தாண்டாது. தாண்டினாலும் அப்படிப்பட்ட வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பூட்டித்தான் வைத்திருப்பார்கள். பட்டியலில் பெயர் வராது. ஆகவே வாங்காதே. இன்னும் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் வாங்காதே. நீ தனி வீட்டில் இருந்தாலும் இந்த வாரம் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். முந்தாநாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தபோது அந்தப் பெயர் மறுபடி காணாமல் போனது. இரண்டு போன்களையும் வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் நின்ற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஒயர் சொருக ஆக்ஸ் துளை உள்ள நல்ல ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக்கொள். வாங்கும்போது கடையிலேயே உன் லேப்டாப்பில் ஒயரையும் சொருகிக் கேட்டுப் பார்.

எங்கள் வீட்டில் இருக்கும் இரண்டையும் கொடுப்பாயா என்று கேட்காதே, அம்மா விடமாட்டார்.