என் பழைய ஸ்பிரிங்கையே வெட்டி, பெயின்ட் அடித்து, புதிது என்று மாட்டிவிட்டார்கள்

சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் யாராவது வீல், டயர், லோயரிங் ஸ்பிரிங் (வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்) மூன்றையும் ஒரே கடையில் மாற்றப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். பணம் போனது ஒரு பக்கம். அந்தக் காரில் ஆறு வாரம் என் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேகமாக ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

கார், நான்காம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை, எடை ஏறத்தாழ 1,000 கிலோ. என்னுடையதில் தொழிற்சாலையிலிருந்தே 16 அங்குல வீலும் 195/50 ஆர்16 டயரும் வந்தன. ஓட்ட அருமையான வண்டி. டயருக்கும் அதன் மேல் வளையும் ஃபெண்டர் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மட்டும் முதல் நாளிலிருந்தே கண்ணை உறுத்தியது. நான் கேட்டது இவ்வளவுதான்: 25 மி.மீ. இறங்க வேண்டும், 17 அங்குல வீல் வேண்டும், எடை கூடக் கூடாது.

கடைக்காரர் இதமாகப் பேசினார். ஸ்பிரிங் பெட்டியைக் காட்டுங்கள் என்றேன். "குடோன்ல இருக்கு சார், பையன் நேரா உள்ள கொண்டுவந்துடுவான். சாயங்காலம் வந்து வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்றார். சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டேன். பெட்டியைக் கண்ணால் பார்க்காமல் அங்கிருந்து நகர்ந்திருக்கவே கூடாது.

மாலையில் போனபோது கார் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பில்லில் ஸ்பிரிங் செட் ஒன்று, அலாய் நான்கு, டயர் நான்கு, அலைன்மென்ட் என்று எழுதியிருந்தது. எந்தக் கம்பெனி, என்ன பார்ட் நம்பர் என்று ஒரு எழுத்துகூட இல்லை. கழற்றிய ஸ்பிரிங்குகள் எங்கே என்று கேட்டேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்" என்று சட்டென்று பதில் வந்தது.

மறுநாளே 90 கி.மீ. வேகத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்கியது. திரும்பப் போனேன். இரண்டு முறை பாலன்சிங் செய்தார்கள், நடுக்கம் போகவில்லை. அப்புறம் ஒரு வேகத்தடையில் முன்சக்கரம் இறங்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். வளைவில் ஒரு பள்ளம் வந்தால் டயர் ஃபெண்டரைத் தேய்த்தது. கேட்டால், இறக்கிய வண்டி இப்படித்தான் இருக்கும், இதுதான் ஸ்போர்ட்ஸ் ஃபீல் என்றார்கள். ஆறு வாரம் அதை நம்பினேன்.

பிறகு நண்பர் ஒருவர் சொல்லி வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், அதிகம் பேசாதவர். காரை லிஃப்டில் ஏற்றி, நான்கு சக்கரமும் தொங்கும்படி விட்டு, முன்பக்க இடது ஸ்பிரிங்கை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். அது சுற்றியது. "தம்பி, இங்க வந்து பாருங்க. இது ஒரு நாளும் சுத்தக் கூடாது" என்றார்.

சக்கரம் முழுக்கக் கீழே தொங்கினாலும் ஸ்பிரிங் தன்னைத் தாங்கும் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவில் இறுக்கமாக அமர்ந்திருக்க வேண்டும். ஒழுங்கான லோயரிங் ஸ்பிரிங்கை அந்த நீளக் கணக்கோடுதான் சுற்றுவார்கள். இதில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. வேகத்தடையில் கேட்ட 'டொக்', அந்த ஸ்பிரிங் தட்டை விட்டு எழும்பி மறுபடி உட்கார்ந்த சத்தம். வளைவில் உட்காரும்போது அது சரியாக உட்காராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஷாக் அப்சார்பரை ஸ்பிரிங்கோடு கழற்றி மேஜைமேல் வைத்தார். ஸ்பிரிங்கின் ஒரு முனை வழவழப்பாக இருந்தது. மறுமுனையில் கிரைண்டர் அறுத்த கோடுகள் அப்படியே தெரிந்தன. விளிம்பில் பிசிறு விரலைக் கீறியது. மேலே பளபளக்கும் சிவப்புப் பெயின்ட். ஸ்குரூடிரைவரால் சுரண்டினார். சிவப்புக்கு அடியில் கறுப்பு, கறுப்பின்மேல் ஒரு நீலத் தீற்றல். எந்த ஸ்பிரிங் எந்த இடத்துக்கு என்று அடையாளம் தெரியத் தொழிற்சாலையில் வைக்கும் வண்ணக் குறி அது. என் காரோடு வந்த ஸ்பிரிங்கையே வெட்டி, சாயம் பூசி, புது செட்டுக்கான முழு விலையை என்னிடம் வாங்கியிருக்கிறார்கள்.

வெட்டினால் உயரம்தானே குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது மட்டும் இல்லை. வேலை செய்யும் சுற்று குறையக் குறைய ஸ்பிரிங்கின் கடினம் கூடும். எட்டுச் சுற்றில் ஒன்றரையை வெட்டினால் ஏறத்தாழ 23 சதவீதம். ஷாக்கோ பழைய கடினத்துக்கு ஏற்றது, அதனால் இதைக் கட்டுப்படுத்த முடியாது. கூடவே வண்டி அளவுக்கு மீறி இறங்கி, கடைசி மோதலைத் தாங்க வைத்திருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேலேயே ஓட ஆரம்பிக்கும். காரைக் கடையில் விடுவதற்கு முன் வீலின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து குறித்து வைத்திருந்தேன். (தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் மாறினால் அந்தக் கணக்கும் மாறிவிடும்.) இப்போது அளந்தால் முன்பக்கம் இடதில் 48 மி.மீ., வலதில் 41 மி.மீ. இறங்கியிருந்தது. அளக்காமல் கண் மதிப்பில் வெட்டியிருக்கிறார்கள்.

வீல் கதை இன்னொன்று. இந்தக் காரின் பிசிடி 4×100 (100 மி.மீ. விட்ட வட்டத்தில் நான்கு போல்ட்), நடுத் துளை 54.1 மி.மீ. எனக்குக் கொடுத்த வீலின் துளை 73.1 மி.மீ. பல கார்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பெரிதாக விடுவதுண்டு, அதில் தவறில்லை. ஆனால் வீலுக்கும் அது பொருந்தும் ஹப்புக்கும் இடையில் ஹப் ரிங் என்ற வளையம் போட்டு வீலை மையத்தில் உட்கார வைக்க வேண்டும். நான்கு வீலிலும் ரிங் இல்லை. எத்தனை முறை பாலன்சிங் செய்தாலும் நடுக்கம் போகாததற்கு அதுதான் காரணம். ரிங் மாட்டிய அன்றே நடுக்கம் நின்றது.

ஆஃப்செட்டையும் பாருங்கள். வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற எண் அது; குறைந்தால் வீல் வெளியே வரும். என் பழைய வீல் ஆறரை அங்குல அகலம், ஆஃப்செட் 45. இவர்கள் மாட்டியது எட்டு அங்குலம், ஆஃப்செட் 30. கணக்குப் போட்டால் வெளி விளிம்பு 34 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. ஃபெண்டரைத் தேய்க்காமல் என்ன செய்யும்? டயர் 215/45 ஆர்17, விட்டம் 625 மி.மீ. பழையது 601. பழைய டயரில் 100 கி.மீ. வேகம் போகும் அதே சுழற்சியில் இது 104 போகும். இதே காரின் 17 அங்குல மாடலுக்குக் கம்பெனி கொடுப்பது ஏழு அங்குல ரிம், ஆஃப்செட் 45, டயர் 205/45. அதன் விட்டம் 616. அந்த அளவைக் கேட்டு வாங்கியிருந்தால் போதும். எடை கூடக் கூடாது என்று சொல்லித்தான் வாங்கினேன். டயரோடு தூக்கி நிறுத்தால் பழையதைவிட ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிலோ அதிகம். ரிம்மின் உள்பக்கம் ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானிய அலாய் வீல் தர முத்திரையும் இல்லை, எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்ணும் இல்லை.

டயரின் வயதை அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்கமாகப் போட்டிருப்பார்கள்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் அது முழுதாக இருக்கும். எனக்கு மாட்டிய நான்கிலும் அந்தப் பக்கம் உள்ளே இருந்தது. லிஃப்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு டயரில் 2417. அதாவது 2017-இன் 24-வது வாரம். நான் புதிதென்று வாங்கியபோது அவற்றுக்கு ஆறு வயது.

அலைன்மென்ட்டுக்கும் பணம் வாங்கியிருந்தார்கள். சரிசெய்யும் போல்ட்டுகளின்மேல் பழைய மண் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது, யாரும் ஸ்பேனர் வைத்த தடமே இல்லை. வண்டி இறங்கினால் கேம்பரும் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மாறும். டோ தப்பிப்போய் ஆறே வாரத்தில் முன் டயர்களின் உள்விளிம்பு மழுங்கியிருந்தது.

கடைக்குத் திரும்பப் போய் ஸ்பிரிங்கை மேஜைமேல் வைத்தேன். நீங்களே எங்கேயாவது மாற்றிவிட்டு வந்து எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்றார் கடைக்காரர். பார்ட் நம்பர் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு என்னால் அங்கே எதையும் நிரூபிக்க முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், பெட்டியைத் திறந்து ஸ்பிரிங்கில் அச்சிட்ட எண்ணைப் படமெடுத்து, அதே எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கழற்றிய பாகங்கள் உங்கள் பொருள், அன்றே டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது காரில் இருப்பது ஏழு அங்குல ரிம், 205/45 டயர், நானே பெட்டி பிரித்துக் கொடுத்த ஸ்பிரிங். அந்த வயதான மெக்கானிக், சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் காற்றில் தொங்கும்போது முறுக்கவில்லை. வண்டியின் எடை முழுக்கச் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முறுக்கினார். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும் என்றார். வீல் நட்டுகளையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே முடித்தார், 100 கி.மீ. ஓடியதும் மறுபடி வரச் சொல்லிச் சரிபார்த்தார்.

நுகர்வோர் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெட்டிய நான்கு ஸ்பிரிங்குகளையும் துடைக்காமல், சுரண்டிய இடத்தில் நீலம் தெரிய, சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.