பழைய கடிதங்களுக்கு ராயபுரத்து ஸ்கேனிங் கடை: எதற்குப் போகலாம், எதை மறுக்கணும்

1964-க்குப் பிறகு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களின் கடிதங்கள் வியாசர்பாடி வீடுகளில் இன்னும் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்ய இந்தக் கடையைத் தாராளமாக நம்பலாம்.

தாளை உள்ளே இழுக்கும் மெஷினில் போடுவதில்லை, கண்ணாடி மேல் பரப்பித்தான் எடுக்கிறார்கள். 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் ஃபைல் (தரம் குறையாமல் சேமிக்கும் பட ஃபைல்). வெற்றுப் பின்பக்கமும் தபால் முத்திரை உள்ள உறையும் சேர்த்து. துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்காமல், அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் செருகி நகர்த்துகிறார்கள். பொறுமையான கை!

ஆனால் லேமினேஷன் செய்யச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்கவே முடியாது, தாளிலுள்ள அமிலமும் உள்ளேயே அடைபட்டு அதை மஞ்சளாக்கி நொறுக்கும். அங்கே விற்கும் பிவிசி உறையும் வேண்டாம், எழுத்து அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலியெஸ்டர் உறைதான் சரி.

நார்வேயிலிருந்து குடியேறியவர்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் காக்க, அமெரிக்காவில் 1925-லேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள்; மினசோட்டாவின் செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் அந்த ஆவணங்கள் இருக்கின்றன. நமக்கு இப்போதைக்கு வீட்டு பீரோதான். கடற்காற்றின் ஈரத்தில் ராமபாணப் பூச்சி சீக்கிரம் வரும். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம். யார், யாருக்கு, எந்த வருஷம் என்பதைப் பென்சிலால் உறைக்குள் தனிச்சீட்டில் எழுதுங்கள்.