ஒன்றரை மணிக்குப் பிறகு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் இரண்டு ஆண் பிள்ளைகளும் கடையிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள ஒரு கத்தோலிக்கப் பாடசாலையில், தமிழ் மொழிமூலம் படிக்கிறார்கள். பெரியவன் தரம் 9, சின்னவன் தரம் 5. முதலாம் தர அனுமதிக் காலம் வந்துவிட்டால், அளவு கொடுக்க வரும் தாய்மார் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "படிப்பைத் தவிர அங்கே வேறு என்ன இருக்கிறது அக்கா?" அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பாடசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிகின்றன. பாடசாலை வேன்கள் அதுவரை நிற்பதில்லை. மட்டக்குளியிலிருந்தோ வத்தளையிலிருந்தோ பிள்ளையை அனுப்புகிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். நல்ல குரலுள்ள பிள்ளைகளும் நன்றாக ஓடக்கூடிய பிள்ளைகளும் வேனுக்காக ஒன்றரைக்கே போய்விடுவதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்காக மாலை வேன் ஒன்றை ஒழுங்கு செய்யுங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் இரண்டு முறை கேட்டேன். இன்னும் நடக்கவில்லை.

முதலில் குருளைச் சாரணர், சாரணர் இயக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான பிரிவு. ஆரம்பப் பிரிவில் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். இலங்கைக்குச் சாரணியம் வந்தது 1912இல். நூறு வருடத்துக்கும் மேலாக இங்கே நிலைத்திருப்பதன் காரணம் என் வெட்டு மேசையிலேயே எனக்குப் புரிந்தது. பெரியவன் தரம் 3இல் சேர்ந்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கடைக்கு வந்து, மேசையில் கிடந்த பாவாடை நாடாக்களில் இரண்டை எடுத்தான். வலது நுனியை இடது நுனியின் மேல் போட்டுச் சுற்றினான். பிறகு இடது நுனியை வலது நுனியின் மேல் போட்டுச் சுற்றி, இரண்டு பக்கமும் சமமாக இழுத்தான். முடிச்சு தட்டையாகப் படிந்தது. "இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டால் கோணலாக வரும் அம்மா, இழுத்தால் வழுக்கிவிடும்" என்று அதையும் செய்து காட்டினான். வழுக்கியது. "காயத்துக்குத் துணி கட்டத்தான் இந்த முடிச்சு. பாரம் தூக்க இதை நம்பக்கூடாது" என்றும் சொன்னான். இருபது வருடமாக நூலோடு வாழ்கிறவள் நான். ஏன் ஒரு முடிச்சு நிற்கிறது, ஏன் மற்றது அவிழ்கிறது என்று என்னிடம் யாரும் இப்படி விளக்கியதில்லை. எட்டு வயதுப் பிள்ளை விளக்கினான்.

செலவும் அதிகமில்லை. கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப், சதுரத் துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு பிள்ளைகளுக்குப் போதும். நானே பல பேருக்கு ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். பொறுப்பாசிரியை ஒவ்வொரு பிள்ளையோடும் இடது கையால் கைகுலுக்குவார். சாரணர் வழக்கம் அது. ஆறு பேருக்கு ஒரு தலைவன் என்று பிரித்து, வாய் திறக்காத பிள்ளையையும் ஒரு தவணைக்குத் தலைவனாக்கிவிடுவார். என் பெரியவன் அப்படித்தான் பேசத் தொடங்கினான்.

அப்படிப் பேசத் தொடங்கியவனை, தரம் 5க்கு வந்ததும் நானே நிறுத்தினேன். புலமைப்பரிசில் பரீட்சை. திங்கள் முதல் ஞாயிறு வரை டியூஷன். செவ்வாய்க்கிழமை சாரணர் நேரத்தில் நுண்ணறிவு வினாத்தாள் வகுப்பு. எல்லாத் தாய்மாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். அவன் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தான். அந்தப் புள்ளியோடு வேறு பெரிய பாடசாலைக்குப் போகலாம், ஆனால் நாங்கள் பாடசாலையை மாற்றவில்லை. தரம் 6இல் திரும்பச் சேரச் சொன்னபோது அவன் போகவில்லை. கூட இருந்த மற்றப் பிள்ளைகள் பரீட்சை முடிந்ததும் திரும்பி, குருளையிலிருந்து சாரணர் குழுவுக்கு ஒன்றாகப் போயிருந்தார்கள். பாசறைக்குப் போய் இரவில் கூடாரத்தில் படுத்தவர்கள். இவன் அந்தக் கதைகளில் இல்லை. "எனக்கு இப்போது அவர்களோடு பேசத் தெரியாது அம்மா" என்றான். அந்த வார்த்தை இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது.

இதில் பாடசாலைக்கும் பங்கு உண்டு. தரம் 5 பிள்ளைகளை இரண்டாம் தவணையிலிருந்து எல்லா மன்றங்களிலிருந்தும் விடுவிப்பதாகக் கடிதம் அனுப்புவார்கள். பத்து வயதில் ஓடி விளையாட வேண்டிய பிள்ளைக்கு அது விடுதலை என்று நான் நினைக்கவில்லை. இடைநிலைப் பிரிவில் குழுக்களுக்கு ஆள் போதவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பான்ட் வாத்தியக் குழு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், மேடையிலும் இல்ல விளையாட்டுப் போட்டியிலும் கண்ணுக்குத் தெரிவது அதுதானே. வாசிப்பு உண்மையிலேயே நன்றாக இருக்கும். பயிற்றுவிக்கும் சேர் சுரம் பிசகினால் விடமாட்டார். சீருடைதான் என் மனத்தாங்கல். உள்ளே லைனிங் வைத்த தடித்த பொலியெஸ்டர் கோட், தோளிலும் கையிலும் தங்க நிறப் பட்டி, கழுத்து வரை பொத்தான். கொழும்பு வெயிலில், மைதானத்தில், இரண்டு மணிநேரம். போன வருடம் ஒரு பிள்ளை அணிவகுப்பு முடிவதற்குள் மயங்கி விழுந்தான். அந்தச் சீருடையைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் தைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். வாங்கி வந்த ஒரு தாய் என்னிடம் காட்டினார். உட்பக்கத் தையலில் அரை அங்குலம்கூட விடவில்லை. வளரும் பிள்ளைக்குத் தைக்கிறவர்கள் பக்கத்துக்கு ஓர் அங்குலமாவது விட வேண்டும், அடுத்த வருடம் பிரித்து அகலமாக்கலாம். ஒரு வருடம் போட்டுவிட்டு மூலையில் வைப்பதற்கு அந்தத் தாய் கொடுத்த காசை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. மெல்லிய பருத்திக் கலப்புத் துணியில், அரைக் கையோடு, அதே மிடுக்கைக் கொண்டுவர முடியும். கேட்டால் மாதிரி ஒன்றை இலவசமாகவே தைத்துக் கொடுப்பேன்.

தமிழ் மன்றத்தை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். கல்வி அமைச்சின் தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலையில் தொடங்கி வலயம், மாகாணம், தேசியம் என்று போகும். பேச்சு, பாவோதல், விவாதம், வில்லுப்பாட்டு என்று எல்லா வகைப் பிள்ளைக்கும் ஓர் இடம் உண்டு. சின்னவன் பாவோதலில் சேர்ந்தான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சிங்களமும் தமிழும் கலந்து விளையாடுகிற பிள்ளை அவன். மழையை மளை என்பான். மன்றப் பொறுப்பாசிரியை கைப்பையிலிருந்து சிறிய முகக்கண்ணாடி ஒன்றை எடுத்து அவன் வாய்க்கு நேராகப் பிடித்து, "நாக்கு நுனி எங்கே போகிறது என்று நீயே பார் மகன்" என்றார். மேலே வளைய வேண்டும், அண்ணத்தில் ஒட்டக்கூடாது. மூன்று வாரம் கண்ணாடியும் கையுமாக இருந்தான். ஒரு நாள் காலை, பல் துலக்கும்போது, "வாழைப்பழம்" என்று கத்தினான். இரண்டு ழகரமும் சரியாக விழுந்தன. வலய மட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை.

கரம் (கேரம்) விளையாட்டும் சதுரங்கமும் மண்டபத்துத் தாழ்வாரத்தில் நடக்கின்றன. மைதானம் சின்னதாக இருக்கும் நம் பகுதிப் பாடசாலைகளுக்கு இவை மிகவும் பொருத்தம். கரத்தைத் தெருமுனை விளையாட்டு என்று சில தாய்மார் முகம் சுளிக்கிறார்கள். 2012இல் கொழும்பிலேயே நடந்த உலகக் கரம் போட்டியில் ஆண்கள் ஒற்றையரில் வென்றவர் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ. சிவப்புக் காயைப் போட்டதும், அதைத் தொடர்ந்து தன் காய் ஒன்றையும் போட்டால்தான் சிவப்பு தன்னுடையது என்ற விதியில் எவ்வளவு பொறுமை பழகுகிறது என்று விளையாடும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரியும். பலகைகள் பழையவை, ஒன்றின் மூலை வலை கிழிந்து காய் நிலத்தில் விழுகிறது. அதைத் தைப்பது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். ஆங்கில நாடகக் குழு வருடத்தில் ஒரு மாதம்தான் உயிரோடு இருக்கிறது, நல்ல ஆங்கிலம் பேசும் நாலு பேருக்கு மட்டும். அதற்காகச் சேர வேண்டாம்.

இனி, இந்துப் பெற்றோர் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி. நாங்கள் சைவர்கள்; வெள்ளிக்கிழமையில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலுக்குப் போகிறவர்கள். பூசையில் குருவுக்கு உதவும் பீடப்பணியாளர் குழுவும், மாதா பக்திக்கான மரியாயின் சேனையும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கானவை. எங்கள் பிள்ளைகளை அதில் சேர ஒருநாளும் யாரும் சொன்னதில்லை. சமய பாட நேரத்தில் அவர்களுக்குச் சைவநெறி ஆசிரியை இருக்கிறார். கிறிஸ்மஸை ஒட்டி நடக்கும் ஒளி விழாவில் பாட விரும்பினால் பாடலாம். சின்னவன் விரும்பிப் பாடினான், மாட்டுத் தொழுவக் காட்சிக்கு வைக்கோலும் பரப்பினான். சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழாவில் அவனுடைய கத்தோலிக்கக் கூட்டாளி அவல் பொட்டலம் கட்டினான்.

புனித வின்சென்ட் டி போல் சபை மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 1833இல் பாரிஸில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் ஏழைகளுக்கு உதவத் தொடங்கிய சபை அது. இங்கே தரம் 6 முதல் சேரலாம். பெரியவன் சாரணருக்குத் திரும்பாமல் இதற்குத்தான் போனான். ஒவ்வொரு பிள்ளையும் வாரம் ஒரு சுண்டு, அதாவது ஒரு சிறிய அளவுக் குவளை, அரிசி கொண்டு வர வேண்டும். மாத முடிவில் மூட்டையாக்கி முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோவார்கள். முதல் வாரம் அவன் சுண்டை நிரப்பி, மேலே குவிந்ததை விரலால் வழித்து அரிசிப் பெட்டிக்குள்ளேயே போட்டான். இல்லத்துக்கு ஒரு தடவை போய் வந்த பிறகு வழிப்பதில்லை. குவியலாகவே பைக்குள் கொட்டுகிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சின்னவனுக்கு இந்த வருடம் பரீட்சை. கடிதம் வந்தது. நானும் இன்னும் ஆறு தாய்மாரும் அதிபர் ஃபாதரிடம் போனோம். குருளைச் சாரணர் நடக்கும் செவ்வாய்க்கிழமை ஒன்றை மட்டுமாவது பிள்ளைகளிடமிருந்து எடுக்காதீர்கள் என்று கேட்டோம். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விரும்புகிறவர்கள் வரட்டும் என்றார். டியூஷன் சேருக்கு நானே தொலைபேசியில் சொன்னேன், செவ்வாய் வரமாட்டான் என்று. அவருக்குப் பிடிக்கவில்லை.

ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். வேன் போய்விடுவதால் தாய்மார் முறை வைத்து ஓட்டோவில் கூட்டிப் போகிறோம். போன செவ்வாய் என் முறை. மூன்றரைக்கு வாசலில் நின்றேன். ஏழு பேரும் புழுதியோடு ஓடி வந்தார்கள், ஸ்கார்ஃப் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கோணி. சின்னவன் பின்னால் நின்று, புதிதாகச் சேர்ந்த தரம் 3 பிள்ளை ஒருவனுக்குக் கயிற்று நுனியைக் காட்டிக்கொண்டிருந்தான்: "முதலில் வலது. இப்போது இடது. இல்லை, திரும்ப."